ஒரு சொல்லில் போன கை

1

மிர்கோவின் கை போய் இந்தத் திங்கட்கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது.

மிர்கோ எனக்கு உறவும் இல்லை, நண்பரும் இல்லை. விபத்துக்கு முன்னால் நான் அவரைப் பார்த்ததுகூடக் கிடையாது. போஸ்னியாவிலிருந்து வந்தவர். தென் ஜெர்மனியில் நான் இருக்கும் இந்தச் சின்ன நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை செய்தார். காலி அட்டைப்பெட்டிகளை நசுக்கிக் கட்டாக்கும் பிரஸ் ஒன்று அங்கே இருந்தது. அதை ஓட்டுவது அவர் வேலை. அந்தத் திங்கட்கிழமை காலையில் இயந்திரத்தின் கதவைத் திறந்து, உள்ளே சிக்கிய அட்டையை இழுக்கக் கையை விட்டிருக்கிறார். கதவு திறந்திருந்தால் பிரஸ் இறங்கக் கூடாது. இறங்கியது. முழங்கைக்கு மேல்வரை நசுக்கிவிட்டுத்தான் மேலே போனது. பக்கத்தில் இருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது, அவர் அலறக்கூட இல்லையாம். கையையே பார்த்தபடி நின்றிருந்தாராம்.

அந்தப் பிரஸ்ஸைச் செய்து விற்ற நிறுவனத்தில்தான் நான் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். இயந்திரத்தைத் தொடும் வேலை இல்லை. தேதிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊரிலிருந்து யாராவது கேட்டால் "சாப்ட்வேர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். இப்போது அப்படி முடிக்க முடியாது. அந்த வேலையைச் சொல்லாமல் மிர்கோவின் கை ஏன் போனது என்பதைச் சொல்ல வழியில்லை.

2

எங்கள் நிறுவனத்தில் இரண்டு மென்பொருள்கள் இருந்தன. ஒன்றில் திட்டமிடுகிறவர்கள் எழுதுவார்கள்: இயந்திரங்களை ஓட்டும் புரோகிராமின் புதிய பதிப்பு எப்போது வெளிவரும், அதில் என்னென்ன இருக்கும், வாடிக்கையாளருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம். மற்றதில் புரோகிராமர்கள் எழுதுவார்கள்: எந்த வேலை முடிந்தது, எது பாக்கி, யார் கையில் இருக்கிறது. இரண்டிலும் தேதிகளைக் கையால்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் மார்ச் என்று இருக்கும், மற்றதில் மே என்று இருக்கும். வெள்ளிக்கிழமைக் கூட்டம் முழுக்க எந்தத் தேதி சரி என்ற சண்டைதான். மேசையில் குத்துவார்கள். ஒருமுறை ஒருவர் காப்பிக் கோப்பையைச் சுவரில் எறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சண்டையை நிறுத்தத்தான் நான் ஒரு புரோகிராம் எழுதினேன். மணிக்கு ஒருமுறை அது இரண்டு பக்கத்தையும் பார்த்து, திட்டத்தில் மாறியதைப் புரோகிராமர்கள் பக்கத்திலும் மாற்றும். அதிலிருந்து சர்வீஸ் பிரிவுக்கு ஒரு பட்டியலும் தானாகப் போகும்: இன்ன குறை, இன்ன பதிப்பில் சரியாகிவிட்டது. சண்டை நின்றது. மேலதிகாரி ஹார்ட்மன் எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். பிறந்ததிலிருந்து யாரும் எனக்காகக் கைதட்டியதில்லை. அன்றைக்குத் தட்டினார்கள்.

ஜெர்மன் மொழியில் ஃப்ரைகாபெ என்று ஒரு சொல் உண்டு. நான் வந்த புதிதில் வகுப்பில் படித்தபோது, என் நோட்டில் அதற்கு நேரே "வெளியீடு" என்று எழுதி வைத்தேன். அது தப்பில்லை. ஆனால் அதே சொல்லுக்கு "அனுமதி" என்றும் பொருள் உண்டு. திட்டமிடும் மென்பொருளில் ஒரு வேலைக்கு நேரே ஃப்ரைகாபெ என்று போட்டால், "இந்த வேலையை ஆரம்பிக்கலாம், அனுமதி கொடுத்தாயிற்று" என்றுதான் திட்டமிடுகிறவர்கள் நினைத்தார்கள். என் புரோகிராம் அதை "வெளியாகிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு, மறுபக்கத்தில் அந்த வேலையை முடிந்ததாக மூடிவிட்டது.

இது ஒரு வருடத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. வழக்கமாக வேலை முடிகிற சமயத்தில்தான் ஃப்ரைகாபெ போடுவார்கள். ஆரம்பத்தில் போட வேண்டும் என்பது விதி, யாரும் பின்பற்றவில்லை. அதனால் தப்பு தெரியவில்லை. பிரஸ்ஸின் கதவு சென்சாரில் ஒரு கோளாறு இருப்பதாகத் தகவல் வந்தபோதுதான் முதல்முறையாக விதிப்படி நடந்தார்கள். கதவு ஆடினால், மூடியிருப்பதாக இயந்திரம் நினைத்துக்கொள்கிறது. அவசரம் என்று அன்றே கூடி, அன்றே ஃப்ரைகாபெ போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் என் புரோகிராம் அந்த வேலையை மூடியது. பாக்கிப் பட்டியலில் இல்லாத வேலையை எந்தப் புரோகிராமர் செய்வார்? அடுத்த பதிப்பு அந்தத் திருத்தம் இல்லாமலே வெளியே போனது. சர்வீஸ் பட்டியலில் மட்டும் "கதவுக் கோளாறு சரிசெய்யப்பட்டது" என்று வந்தது.

அதுவரை பாதுகாப்புக்காக, கை உள்ளே போகாதபடி, அந்த வகைப் பிரஸ்களில் ஒரு இரும்புக் குறுக்குக்கம்பி மாட்டியிருந்தார்கள். புதிய பதிப்பை ஏற்றியதும் கம்பியைக் கழற்றிவிடலாம் என்பது உத்தரவு. ஊவே என்ற எங்கள் சர்வீஸ்காரர் பட்டியலைப் பார்த்தார், பதிப்பை ஏற்றினார், கம்பியைக் கழற்றினார். எட்டாம் நாள் மிர்கோ கையை விட்டார்.

3

விபத்து நடந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, எனக்குத் தெரிந்துவிட்டது.

யாரும் என்னைத் தேடச் சொல்லவில்லை. எல்லோரும் சென்சாரைப் பற்றியும் ஊவேயைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். "கம்பியை எதற்குக் கழற்றினார்?" என்றுதான் எங்கும் பேச்சு. மூடப்பட்ட அந்த வேலையைத் திறந்து பார்த்தேன். மூடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் புரோகிராமின் பெயர் இருந்தது.

ஹார்ட்மனிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை வேறு யாரிடம் சொன்னீர்கள்?"

"யாரிடமும் இல்லை."

"எதையும் அழிக்க வேண்டாம், எதையும் தொட வேண்டாம். வக்கீல்கள் பார்க்கட்டும். அவர்கள் கூப்பிடும்வரை நீங்கள் பேசாமல் இருந்தால் போதும்."

பேசாமல் இருந்தால் போதும். அது எனக்கு நன்றாக வரும். சின்ன வயதிலேயே பழகிய வேலை அது.

4

எங்கள் ஊர் பிச்சாட்டூருக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில், ஆந்திரத்துக்குள் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியிலும் ஆபீசிலும் தெலுங்கு. மூன்று தலைமுறை கூலி வேலை செய்த குடும்பம். என் நைனா காலத்தில்தான் அரசாங்கப் பட்டாவில் ஒன்றரை ஏக்கர் கிடைத்தது. நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா. அந்த நிலத்தில் கற்களைப் பொறுக்கியே அவருக்கு இரண்டு நகங்கள் போயின.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. சுற்றியிருந்த நிலத்தோடு எங்கள் நிலமும் ஒரு தனியார் கம்பெனிக்குப் போவதாக முடிவானது. பொங்கல் கழிந்த பிறகு நிலத்தை விட வேண்டும் என்று கையெழுத்தோடு ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதற்குள் மல்லாட்டையைப் பிடுங்கிவிடலாம் என்று நைனா கணக்குப் போட்டார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.

அப்போது நான் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்ததால் வீட்டுக்கு வந்திருந்தேன். பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். நைனாவுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்துபோகும்போது இரைச்சல் கேட்டது. ஒரு பொக்லைனும் இரண்டு டிராக்டர்களும் எங்கள் நிலத்துக்குள் நின்றிருந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் கையில் தடியோடு. அவர்களைக் கூட்டி வந்த காண்ட்ராக்டரின் மேஸ்திரி தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார்.

"மா தக்கர ஆர்டர் உந்தி! தப்புக்கோண்டி!" எங்களிடம் ஆர்டர் இருக்கிறது, விலகுங்கள் என்று.

அவர் கையில் இருந்த காகிதத்தில் அந்த நாள் தேதிதான் இருந்தது. எங்கள் காகிதத்தில் பொங்கலுக்குப் பிந்தைய தேதி. யாரோ ஒருவர் ஒரு இடத்தில் தேதியை மாற்றிவிட்டு மற்ற இடத்தில் மாற்றாமல் விட்டிருக்கிறார். அவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

"எங்க காய்தத்துல வேற தேதி போட்டுக்கீது சார்! ஊட்ல கீது, இட்டாந்து காட்டறேன்!" என்று என் சித்தப்பா கெஞ்சினார். ஒரு தடி அவர் காதோரம் இறங்கியது. காதைப் பொத்திக்கொண்டு அவர் உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. அம்மா மண்ணை வாரி அவர்கள் மேல் வீசினாள். ஒருவன் அவள் முடியைப் பிடித்துச் செடிகளின் மேலேயே இழுத்துப் போட்டான். பொக்லைன் போன வழியெல்லாம் காயோடு செடிகள் மல்லாந்து கிடந்தன.

நான் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நின்றேன்.

நைனா கடப்பாரையை எடுத்ததைப் பார்த்தேன். மேஸ்திரியை நோக்கித்தான் ஓடினார் என்று நினைத்தேன். தடிக்காரர்கள் குறுக்கே வந்தார்கள். முதுகில் இரண்டு அடி விழுந்தது. அப்படியே திரும்பிப் பொக்லைன்மேல் ஏறினார். அதன் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார். கடப்பாரை அந்தக் கையைத் தாண்டித் தலையில் இறங்கியது. இரண்டாவது முறையும் இறங்கியது. டிராக்டர்கள் உறுமிக்கொண்டே இருந்தன.

டிரைவர் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். அவரும் எங்களைப் போலத் தமிழ் பேசுகிற கூலிக்காரர்தான் என்று பிறகு சொன்னார்கள். வண்டியை நிறுத்தத்தான் நைனா அடித்தார் என்று சித்தூர் கோர்ட்டில் எங்கள் பக்கம் வாதாடினார்கள். ஊரும் அதையே சொன்னது, நாங்களும் அதையே சொன்னோம். நைனா ஏழு வருடம் உள்ளே இருந்தார். அந்த ஏழு வருடத்தில் நான் படிப்பை முடித்து, சென்னையில் வேலைக்குப் போய், கம்ப்யூட்டர்காரர்களை ஜெர்மனி கூப்பிட்ட காலத்தில் இங்கே வந்து சேர்ந்துவிட்டேன். விசா பாரங்களில் நைனாவின் தொழில் என்ற இடத்தில் "விவசாயம்" என்று எழுதினேன். அவர் அப்போது சிறையில் இருந்தார்.

5

விபத்து நடந்த இருபத்து நாலாம் நாள் ஹார்ட்மன் என்னைக் கிடங்குக்கு அனுப்பினார். இயந்திரத்தின் நினைவில் உள்ள பதிவுகளை நகல் எடுத்து வர வேண்டும். கூடப் போனவர் ஊவே. இயந்திரத்தின் மூடியைத் திறக்க அவர்தான் வேண்டும்.

ஊவேக்கு ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி. கிடங்கு தெரிந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பட்டியலை மூன்று முறை பார்த்தேன், சரஸ்வதி. சரியாகிவிட்டது என்றுதான் இருந்தது. எனக்கு மூளை குழம்பிவிட்டதா என்று மனைவி கேட்கிறாள்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "போகலாம்," என்றேன்.

முற்றத்தில் லாரிகளிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வண்டியிலிருந்து இறங்கிக் கருவிப் பெட்டியை எடுத்தபோது, நாற்பது வயது இருக்கும் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். ஊவே போட்டிருந்த சட்டையில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதைத்தான் அவர் பார்த்தார். அவர் மிர்கோவின் அண்ணன், தாரியோ. அதே கிடங்கில் வேலை செய்கிறவர். அது எங்களுக்குத் தெரியாது.

"கம்பியைக் கழற்றியது யார்?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

ஊவே பெட்டியைக் கீழே வைத்தார். "நான்தான்," என்றார். "மன்னியுங்கள். அந்தப் பட்டியலில்..."

சரக்குத் தள்ளுவண்டியின் இரும்புக் கைப்பிடி ஒன்று தாரியோவின் கையில் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். முதல் அடி தாடையில் விழுந்தது. மரம் முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. ஊவே விழவில்லை, ஒரு காலில் தள்ளாடினார். இரண்டாவது அடி வாயில். பல் ஒன்று என் ஷூவின்மேல் வந்து விழுந்தது. மூன்றாவதுக்கு அவர் தரையில் கிடந்தார். அதற்குமேல் தாரியோ தன் மொழியில் ஏதோ கத்திக்கொண்டே விலாவில் உதைத்தார். எத்தனை உதை என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள், என்னால் சொல்ல முடியவில்லை. நாலைந்து பேர் ஓடிவந்து தாரியோவைப் பிடித்துத் தரையில் அமுக்கினார்கள். அவர் முகம் சிமெண்ட்டில் தேய்ந்து கிழிந்தது. அப்போதும் "அவன்தான் கழற்றினான், அவன்தான் கழற்றினான்," என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். கையில் லாப்டாப் பை. "அவர் இல்லை, நான்" என்று ஜெர்மனில் சொல்ல மூன்றே சொற்கள் போதும். எனக்கு அந்த மொழி இருபது வருடமாகத் தெரியும்.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல நைனாவுக்குப் போன் செய்தேன். அங்கே மதியம். இப்போது அவர் சத்தியவேட்டில் என் தம்பியோடு இருக்கிறார்.

"இன்னாம்மா, கொரலு ஒரு மாரி கீது? துன்னியா?"

"துன்னேன் நைனா."

"பொய் சொல்லாத."

அதன் பிறகு என்னால் அடக்க முடியவில்லை. மிர்கோவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் விஷயம் அவருக்குப் புரியுமா என்று யோசிக்கவில்லை. அவருக்கு அது எளிதாகவே புரிந்தது. "ஒரு காய்தத்துல ஒண்ணு, இன்னொரு காய்தத்துல ஒண்ணு. அதான?" என்றார்.

"ஆமா நைனா."

"அந்த ஆள அடிக்கறப்ப நீ இன்னா பண்ண?"

"நின்னுக்கினு இருந்தேன்."

நைனா எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிற சத்தம் போனில் கேட்டது.

"சரசு, உனுக்கு ஒண்ணு சொல்றேன். உங்கம்மாவுக்கும் சொன்னதில்ல. அன்னிக்கி அந்த டிரைவரு வண்டிய நிறுத்திட்டாம்மா."

எனக்குப் புரியவில்லை. "எப்ப நைனா?"

"உங்க சித்தப்பன் ரத்தத்தப் பாத்ததுமே நிறுத்திட்டான். என்னப் பாத்து, 'பெரியவரே, காய்தத்த எடுத்தாங்க, நான் ஓட்டல, உக்காந்துக்கினு இருக்கேன்'னான். என் காதுல உழுந்துச்சி. நல்லாத்தான் உழுந்துச்சி. அப்பால முதுவுல அடிச்சானுங்க. எவன் அடிச்சான்னு திரும்பிப் பாத்தா பத்துப் பேரு நிக்கறான். அவன் ஒருத்தன்தான் உக்காந்துக்கினு இருந்தான். கையில ஒண்ணும் இல்லாம."

"கோர்ட்டுல வண்டி ஓடிக்கினு இருந்ததுன்னு..."

"வக்கீலு அப்பிடிச் சொல்லச் சொன்னாரு. சொன்னேன். அதயே சொல்லிச் சொல்லி, கொஞ்ச நாளு எனக்கே அப்பிடித்தான் தோணிச்சி. இப்பல்லாம் தோணல." அவர் இருமினார். "நின்ன வண்டிமேல ஏறித்தாம்மா அடிச்சேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

வரப்பிலிருந்து நான் பார்த்ததை எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எல்லா முறையும் பொக்லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிராக்டர் சத்தத்தை அதன் சத்தமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஞாயிறு முழுக்க என்னால் உட்கார முடியவில்லை. என் வீட்டுக்காரர் வேறு ஊரில் வேலை செய்து வெள்ளிக்கிழமைகளில் வருகிறவர். அன்று அவர் வீட்டில்தான் இருந்தார். வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். அதற்குமேல் அவரும் வாதாடவில்லை.

7

திங்கட்கிழமை காலை போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே முதலில் ஒரு பாரம் கொடுத்தார்கள். வந்திருப்பவர் சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவரா என்று இரண்டு கட்டங்கள். எதில் டிக் போடுவது என்று கேட்டேன். அந்தப் பெண் அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன நடந்தது என்று முதலில் சொல்லுங்கள். கட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அரை நாள் சொன்னேன். தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பார்க்கிற துறையிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஃப்ரைகாபெ என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொண்டேன் என்றபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இந்தச் சொல்லில் நாங்களே தடுமாறுவோம்," என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரா, இல்லையா, தெரியவில்லை. என்ன, எங்கே, எப்படி என்று எல்லாவற்றுக்கும் அவர் பாரத்தில் இடம் இருந்தது. எனக்கு அது எப்போது தெரிந்தது என்ற கேள்வி அதில் இல்லை. அவரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. இதை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

ஒரு மாதத்தில் என் வேலை போனது. நிறுவனத்தின் மீதான விசாரணை இன்னும் நடக்கிறது. அந்த வகைப் பிரஸ்கள் எல்லாவற்றிலும் மறுபடி கம்பி மாட்டினார்கள். ஊவேமேல் தப்பில்லை என்று எழுத்து மூலம் கொடுத்தார்கள். மிர்கோவை மறுவாழ்வு மையத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். சட்டையின் வலது கை மடித்து ஊசி குத்தப்பட்டிருந்தது. நான் யார், என்ன செய்தேன் என்று சொல்லி முடித்ததும், வெளியே போகச் சொன்னார். போனேன்.

8

தாரியோவின் வழக்கு வசந்த காலத்தில் விசாரணைக்கு வந்தது. அடித்ததைப் பார்த்த சாட்சி என்று என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளி விடுமுறை. என் மகள் மேகலா தானும் வருவதாக அடம்பிடித்தாள். பதினாறு வயது. தமிழில் நான் பேசினால் ஜெர்மனில் பதில் சொல்லி வளர்ந்தவள். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு நாங்கள் சரியாகச் சொன்னதில்லை.

நீதிபதி கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்னேன். பட்டியலில் இருந்த தப்புக்குக் காரணம் ஊவே இல்லை, நான் எழுதிய புரோகிராம் என்றும் சொன்னேன். தாரியோ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரு கணம் ஊவேயையும் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் ஊவே என்னிடம் வந்தார். மனைவியும் கூட வந்தாள். ஊவேயின் முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. புதுப் பற்கள் அவருக்கு இன்னும் பொருந்தவில்லை. பேச்சு குழறியது. நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எண்ணி இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"உங்களுக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டார்.

எல்லோரும் கேட்காமல் விட்டதை அவர் ஒருவர்தான் கேட்டார். தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. பிறகுதான் தெரிந்தது என்றால் அங்கே யாரும் மறுத்திருக்க முடியாது.

"மூன்றாம் நாள்," என்றேன்.

அவர் மனதுக்குள் எண்ணுவது தெரிந்தது. "அப்படியென்றால் காரில் போனபோது..."

"தெரியும்."

ஊவேயின் மனைவி ஒரு எட்டு முன்னால் வந்து என் முகத்தில் அறைந்தாள். என் கண்ணாடி பறந்து சுவரில் மோதியது. மறுபடி கையை ஓங்கினாள். மேகலா பாய்ந்துபோய் அந்தக் கையை முறுக்கிப் பிடித்தாள். அந்த அம்மாள் வலியில் முனகினாள். மேகலா விடவில்லை. அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு வெறி இருந்தது. இன்னொரு கையை முஷ்டியாக மடக்கியிருந்தாள்.

"மேகலா, விடு!"

"உன்னை அடிக்கிறாள்!" என்று ஜெர்மனில் கத்தினாள்.

"விடுன்னு சொல்றேன்ல!" என்று அவள் முஷ்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். காவலர் ஓடி வந்தார். ஊவே அவரிடம் கையை நீட்டித் தடுத்து, ஒன்றுமில்லை என்று சொன்னார். மனைவியின் தோளை அணைத்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

டிராமில் வீட்டுக்குத் திரும்பினோம். அந்த அம்மாள்மேல் புகார் கொடுக்க வேண்டும் என்றாள் மேகலா. நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மூன்றாம் நாளைச் சொன்னேன். கிடங்கில் சும்மா நின்றதைச் சொன்னேன். அவள் தாத்தாவின் கடப்பாரையைச் சொன்னேன். நின்ற வண்டியில் கையை வெறுமையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், அதை வேறு மொழியில் சொல்ல எனக்கு வரவில்லை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள். சில சொற்களை நிறுத்திப் பொருள் கேட்டாள். கடப்பாரை என்றால் என்ன என்று கேட்டாள். கையால் அளவு காட்டினேன்.

எங்கள் நிறுத்தம் வந்தது. நாங்கள் இறங்கவில்லை.

"அம்மா," என்றாள். வெகுநாளுக்குப் பிறகு அவளாகத் தமிழில் பேசினாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி. "அந்த டிரைவருக்குக் குழந்தைங்க இருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. எங்கள் சித்தப்பாவின் காது, அம்மாவின் முடி, நைனாவின் ஏழு வருடம், இவற்றைத்தான் பேசியிருக்கிறோம். அந்த டிரைவரின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

"தெரியாது," என்றேன்.

"கேளு," என்று என் பையிலிருந்து போனை எடுத்து என் கையில் வைத்தாள்.

ஊரில் அப்போது பொழுது சாய்கிற நேரம். நான்காவது முறை மணி அடித்தபோது நைனா எடுத்தார்.